பல் வெளுக்க டாக்டரிடம் என்னென்ன வழி இருக்கு? நம்ம ராமநாதபுரம் கரைப் பக்கத்துக்கு எது ஒத்துவரும்?

தொண்டி_அலை:
தங்கச்சிக்கு வயது 24. கல்யாணத்துக்கு இன்னும் 7 வாரம். பல்லெல்லாம் மஞ்சள். மேல் முன்பல் இரண்டிலும் சுண்ணாம்பு தொட்டு வைத்த மாதிரி வெள்ளைத் திட்டு. அதற்கு அடுத்த பல் ஒன்று ரூட் கெனால் செய்தது, சாம்பல் நிறமாகிவிட்டது. ஒரு கிளினிக்கில் ஒரு மணி நேரத்தில் முடித்துவிடலாம் என்கிறார்கள். இன்னொரு இடத்தில் பல் வரிசையில் மாட்டும் பிளாஸ்டிக் டிரே செய்து தந்து, அதில் ஜெல் வைத்து வீட்டில் போடச் சொல்கிறார்கள். மூன்றாவது இடத்தில் லேசர். ஒவ்வொன்றும் எப்படிச் செய்வார்கள், எங்கே தப்பு நடக்கும் என்று தெரிந்தவர்கள் விவரமாகச் சொல்லுங்கள்.

மண்டபம்_பல்மருத்துவர்:
தம்பி, நீங்கள் எழுதியதிலேயே மூன்று வேறு வேறு கறை இருக்கிறது. பொதுவான மஞ்சள் ஒன்று, வெள்ளைத் திட்டு ஒன்று, செத்த பல்லின் சாம்பல் ஒன்று. மூன்றுக்கும் வைத்தியம் தனித்தனி. மூன்றையும் ஒரே ஜெல்லால் ஒரு மணி நேரத்தில் சரிசெய்கிறேன் என்று யார் சொன்னாலும் அங்கே பணம் கட்டாதீர்கள்.

எந்தக் கறை என்று பிரிப்பதுதான் முதல் வேலை. பல்லின் மேலே ஒட்டியிருப்பது டீ, வெற்றிலை, புகையிலை, பல் காரை. இது ஸ்கேலிங்கிலும் (காரை சுரண்டி எடுப்பது) பாலிஷிலும் போய்விடும், பிளீச் தேவையே இல்லாமல் போகலாம். பல்லுக்குள் ஊறியிருப்பது வயதாலோ உணவாலோ வரும் மஞ்சள், பழுப்பு. இதற்குத்தான் பிளீச் நன்றாக வேலை செய்யும். பல் உருவாகும்போதே வந்தது ஃப்ளோரைடு திட்டு, குழந்தையில் சாப்பிட்ட டெட்ராசைக்ளின் மாத்திரையின் சாம்பல் பட்டை. இவை பிளீச்சுக்கு மெதுவாக அசையும், அல்லது முதலில் இன்னும் எடுப்பாகத் தெரியும்.

அதனால் முதல் நாள் டாக்டர் செய்ய வேண்டியது இவ்வளவு: சொத்தை, விரிசல், ஈறு இறங்கிய இடம் எல்லாவற்றையும் பார்ப்பது. ரூட் கெனால் பல்லுக்கு எக்ஸ்ரே. காரை எடுத்து பாலிஷ் செய்வது. அதற்குப் பிறகு விட்டா நிற அட்டையைப் பல்லுக்குப் பக்கத்தில் பிடித்து ஃபோட்டோ. அட்டையில் 16 துண்டு இருக்கும். வெளுப்பு வரிசையில் அடுக்கினால் பி1-ல் தொடங்கி சி4-ல் முடியும். ஜன்னல் பக்கத்துப் பகல் வெளிச்சத்தில், லிப்ஸ்டிக் இல்லாமல், பல் ஈரமாக இருக்கும்போதே எடுக்க வேண்டும். இந்தப் படம் இல்லாவிட்டால் கடைசியில் எத்தனை படி வெளுத்தது என்று யாராலும் சொல்ல முடியாது.

உவர்நீர்_சோதனை:
வெள்ளைத் திட்டைப் பற்றித் தண்ணீர் பக்கத்திலிருந்து ஒன்று சொல்கிறேன். தங்கச்சி 8 வயது வரை எந்த ஊர்த் தண்ணீர் குடித்து வளர்ந்தார் என்று கேளுங்கள். இப்போது குடிக்கும் தண்ணீருக்கும் அந்தத் திட்டுக்கும் சம்பந்தமே இல்லை. மேல் முன்பல்லின் எனாமல், அதாவது பல்லின் கெட்டியான மேல் ஓடு, உருவாவது பிறந்த முதல் சில வருடங்களில். அந்த நேரத்தில் ஆழ்துளைக் கிணற்றில் ஃப்ளோரைடு அதிகமாக இருந்தால் எனாமல் முழுதாக இறுகாமல் நின்றுவிடும். நம் மாவட்டத்தில் உள்பக்கத்து ஆழ்துளைக் கிணறுகள் சிலவற்றில் இந்தப் பிரச்சினை உண்டு. கரையில் பிறந்து அம்மா வீட்டில் வளர்ந்த பிள்ளைக்கு அம்மா ஊர்த் தண்ணீர்தான் கணக்கு.

குடிநீருக்கான இந்தியத் தர அளவு ஐ.எஸ். 10500-ன்படி லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது. வேறு தண்ணீரே கிடையாது என்றால் 1.5 வரை பொறுத்துக்கொள்ளலாம். இரண்டு தப்பான நம்பிக்கை இங்கே வழக்கத்தில் இருக்கிறது. ஒன்று, டி.டி.எஸ். மீட்டரை விட்டுப் பார்த்து ஃப்ளோரைடு இல்லை என்று சொல்வது. அந்த மீட்டர் மொத்த உப்பைத்தான் காட்டும், ஃப்ளோரைடைத் தனியாகக் காட்டாது. தண்ணீர் சப்பென்று இனிப்பாக இருந்தாலும் ஃப்ளோரைடு அதிகம் இருக்கலாம். இன்னொன்று, கொதிக்க வைத்தால் போய்விடும் என்பது. கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் குறையும், ஃப்ளோரைடு அப்படியே இருந்து இன்னும் செறிவாகும். ஆர்.ஓ. குறைக்கும். வீட்டில் 8 வயதுக்குக் கீழே பிள்ளைகள் இருந்தால் தண்ணீரைப் பரிசோதனைக் கூடத்தில் கொடுத்து ஃப்ளோரைடு என்று பெயர் சொல்லிக் கேட்டுச் சோதியுங்கள்.

மண்டபம்_பல்மருத்துவர்:
சரியாகச் சொன்னீர்கள். கூடவே ஒன்று. ஃப்ளோரைடு திட்டு இரண்டு பக்கமும் ஜோடியாக வரும். வலது முன்பல்லில் இருந்தால் இடதிலும் ஏறக்குறைய அதே உயரத்தில் இருக்கும், பக்கவாட்டில் மெல்லிய கோடுகளாகப் படரும். ஒரே ஒரு பல்லில் மட்டும் உருண்டையாகத் திட்டு இருந்தால் சின்ன வயதில் பால்பல்லில் விழுந்த அடி காரணமாக இருக்கலாம்.

ஆழம் பார்க்க ஒரு வழி: பல்லுக்குப் பின்னாலிருந்து, ஃபில்லிங் இறுக வைக்கும் நீல விளக்கைப் பிடிக்க வேண்டும். மேலோட்டமான திட்டு அந்த வெளிச்சத்தில் கரைந்த மாதிரி மறையும். ஆழமானது இருட்டாக நிற்கும். இந்த ஒரு சோதனையை வைத்தே எந்த வைத்தியம் போதும் என்று பாதி முடிவு செய்துவிடலாம்.

பல்லறை_உதவியாளர்:
கிளினிக்கில் செய்யும் ஒரு மணி நேர முறையை நான் எழுதுகிறேன். நாற்காலிப் பக்கத்தில் நிற்பவர்கள் கையில்தான் அதன் பாதிப் பாதுகாப்பு இருக்கிறது.

ஜெல் ஹைட்ரஜன் பெராக்சைடு, பொதுவாக 35 முதல் 40 சதவீதம். தோலில் பட்டால் வெள்ளையாகச் சுட்டுவிடும். அதனால் நோயாளி கண்ணுக்குக் கண்ணாடி, உதட்டுக்கு வாசலின், கன்னத்தை விலக்கிப் பிடிக்கும் பிளாஸ்டிக் வளையம். ஈறைக் காற்றால் நன்றாகக் காயவைத்த பிறகு ஈறு பாதுகாப்பு ரெசினை (விளக்கு பட்டால் இறுகும் பசை) ஊசி முனையால் வைக்க வேண்டும். பல் ஓரத்தில் அரை மில்லிமீட்டர் ஏறி, ஈறின் பக்கம் 3, 4 மில்லிமீட்டர் அகலத்துக்குப் போக வேண்டும். பல்லுக்கும் பல்லுக்கும் நடுவே இருக்கும் முக்கோண ஈறை மறப்பதுதான் வழக்கமான தப்பு. விளக்கு பிடித்து இறுகவைத்த பிறகு கண்ணாடியைப் பல் நுனிப் பக்கத்திலிருந்து பிடித்துப் பார்த்தால் எங்கே இடைவெளி என்று தெரியும். ஒரு முடி அளவு இடைவெளி போதும், ஜெல் உள்ளே இறங்கிவிடும்.

ஜெல் 1, 2 மில்லிமீட்டர் கனத்தில், பல்லின் முன்பக்கம் மட்டும். கம்பெனி சொல்லும் நேரம், பெரும்பாலும் 15 முதல் 20 நிமிடம். அடுத்த சுற்றுக்கு முன் பழைய ஜெல்லை முதலில் சக்ஷனால் வெறுமனே உறிஞ்ச வேண்டும். அப்படிச் செய்யாமல் நேராகத் தண்ணீர் அடித்தால் ஜெல் தெறித்து உதட்டிலும் நாக்கிலும் படும். இப்படி இரண்டு மூன்று சுற்று. நடுவில் எங்காவது எரிகிறது என்று நோயாளி கையைத் தூக்கினால், கொஞ்சம் பொறுங்கள் என்று சொல்லவே கூடாது. ஈறு எரிந்தால் கசிவு. அந்த இடத்து ஜெல்லை எடுத்து, கழுவி, வைட்டமின் இ எண்ணெய் தடவ வேண்டும். லேசாகப் பட்ட வெள்ளை சில மணி நேரத்தில் மறையும். பல்லில் சுரீர் என்று மின்னல் வெட்டினால் அது நரம்பு. அன்றைக்கு அதோடு நிறுத்திவிட வேண்டும்.

இன்னொன்று, நம் ஊர் வெயிலுக்கு முக்கியமானது. பெராக்சைடு ஜெல் சூட்டில் வீரியம் இழக்கும். கிளினிக்கில் ஃப்ரிட்ஜில் வைத்திருக்கிறார்களா, கரண்ட் போனால் என்ன ஏற்பாடு, சிரிஞ்சில் காலாவதி மாதம் என்ன என்று கேளுங்கள். வீரியம் போன ஜெல் வலிக்காது, வெளுக்கவும் வெளுக்காது. நோயாளி தன் பல்தான் சரியில்லை என்று நினைத்துக்கொண்டு வீடு போவார்.

பாம்பன்_பாலம்:
லேசர் வைத்தால் இன்னும் வேகமாக வெளுக்கும் என்கிறார்களே டாக்டர். விலையும் அதிகம்.

மண்டபம்_பல்மருத்துவர்:
வெளுக்கும் வேலையைச் செய்வது பெராக்சைடு. அதிலிருந்து வரும் ஆக்சிஜன் எனாமலுக்குள் ஊடுருவி நிறம் தரும் பெரிய மூலக்கூறுகளைச் சின்னதாக உடைக்கிறது. எல்.இ.டி. விளக்கானாலும் லேசரானாலும் ஜெல்லைச் சூடாக்கி அதைத் தூண்டுவதாகச் சொல்லப்படுகிறது. வைத்தாலும் வைக்காவிட்டாலும் சில வாரம் கழித்து நிறத்தில் பெரிய வித்தியாசம் இருப்பதில்லை என்றே பல ஒப்பீடுகள் காட்டியிருக்கின்றன. சூடு கூடினால் பல்லுக்குள் இருக்கும் நரம்புக்குக் கூச்சம் கூடும். விளக்குக்காகத் தனியாகக் காசு கேட்டால் கொடுக்க வேண்டியதில்லை.

நாற்காலியிலிருந்து எழுந்தவுடன் பல் பளீரென்று தெரிவதற்கு இன்னொரு காரணம் உண்டு. வாயை ஒரு மணி நேரம் திறந்து வைத்ததில் பல் காய்ந்துவிட்டது. காய்ந்த எனாமல் சுண்ணாம்பு மாதிரி வெளுத்துத் தெரியும். எச்சில் ஊறி ஒன்றிரண்டு நாளில் கொஞ்சம் இறங்கும், உண்மையான நிறம் நிலைக்க 2 வாரம் ஆகும். முடித்த நிமிடத்தில் எடுத்த படத்தை விளம்பரத்துக்குப் போடும் இடங்களைப் பார்த்து ஏமாற வேண்டாம்.

டிரே_செய்பவர்:
வீட்டு டிரேயைப் பற்றி லேப் பக்கத்திலிருந்து. பத்துக்கு எட்டுத் தொல்லை டிரே சரியில்லாததால்தான் வருகிறது, அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

அல்ஜினேட் என்ற அச்சுப் பசையில் பல்லின் அளவு எடுப்பார்கள். நம் ஊர்ச் சூட்டில் அது சீக்கிரம் இறுகிவிடும், அதனால் கலக்கக் குளிர்ந்த தண்ணீர். வாயிலிருந்து எடுத்த அளவை ஈரத் துணியில் சுற்றி உடனே டென்டல் ஸ்டோன் (கல்லாக இறுகும் மாவுக் கலவை) ஊற்ற வேண்டும். காலையில் அளவெடுத்து சாயங்காலம் பஸ்ஸில் லேபுக்கு அனுப்பினால் அது காய்ந்து சுருங்கியிருக்கும். அந்த மாடலில் செய்த டிரே பல்லை இறுக்கும். அச்சு நன்றாக இறுகிய பிறகு அண்ணம், நாக்குப் பகுதியைக் கழித்துக் குதிரை லாட வடிவில் அரைத்துவிட வேண்டும். நடுப்பகுதி இருந்தால் ஷீட் அங்கே மடிந்து பல் மேல் சரியாகப் படியாது.

மென்மையான இ.வி.ஏ. பிளாஸ்டிக் ஷீட், 1 மில்லிமீட்டர். மெஷினில் சூடாகி நடுவில் ஒரு அங்குலம் தொங்கும்போது இறக்கினால் சரியாக இருக்கும். அதற்கு மேல் விட்டால் மெலிந்து கிழியும். சிலர் பல் முன்பக்கத்தில் அரை மில்லிமீட்டர் கனத்துக்கு ரெசின் தடவி ஜெல் தேங்க இடம் விடுவார்கள். அது இல்லாமலும் வெளுக்கும், ஜெல் கொஞ்சம் மிச்சமாகும் என்பதே என் கருத்து. முக்கியமானது வெட்டும் விதம். ஈறின் வளைவைப் பின்பற்றி, ஈறுக்கு வெளியே நிற்கும்படி வெட்ட வேண்டும். ஓரத்தை நாக்கால் தடவினால் எங்கும் குத்தக் கூடாது. குத்தினால் வீட்டில் கத்தரிக்கோல் போடாமல் திரும்பக் கொண்டுவாருங்கள்.

டிரேயைப் பச்சைத் தண்ணீரில் கழுவுங்கள். வெந்நீர் பட்டாலோ, வெயிலில் நிற்கும் வண்டிக்குள் கிடந்தாலோ உருக்குலைந்துவிடும். காற்றோட்டமுள்ள டப்பாவில் வையுங்கள். கையில் நல்ல மாடல் இருந்தால் பத்திரமாக வைத்திருக்கச் சொல்லுங்கள், டிரே தொலைந்தாலும் மறுபடி அளவெடுக்க வேண்டாம்.

கீழக்கரை_கடற்காற்று:
டிரேயில் ஜெல் எவ்வளவு, எத்தனை மணி நேரம்? 10, 16, 22 என்று சதவீதம் எழுதியிருக்கிறதே, எது நல்லது? துபாயிலிருந்து 25 நாள் லீவில் வருபவர்களுக்கு முடியுமா டாக்டர்?

மண்டபம்_பல்மருத்துவர்:
டிரேயில் போடுவது கார்பமைடு பெராக்சைடு. அதில் மூன்றில் ஒரு பங்குதான் ஹைட்ரஜன் பெராக்சைடு. 10 சதவீத ஜெல் என்றால் உள்ளே ஏறக்குறைய 3.5 சதவீதம். 16 என்றால் 5.6 பக்கம். 1989-ல் ஹேவுட், ஹேமன் என்ற இரண்டு பேர் எழுதிய கட்டுரையிலிருந்து இந்த இரவு முறை பரவலானது, அன்றும் 10 சதவீதம்தான். இன்றைக்கும் நான் முதலில் எடுப்பது அதுவே. 10-ம் 22-ம் கடைசியில் போய்ச் சேரும் இடம் ஒன்றுதான். 22 சில நாள் முன்னால் போகும், கூச்சத்தையும் கூடவே கொண்டுவரும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2011-ம் ஆண்டின் உத்தரவுப்படி 6 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடுக்கு மேல் பல் வெளுப்புக்குப் பயன்படுத்தவே அனுமதி இல்லை. வீரியம்தான் எல்லாம் என்று நினைப்பவர்கள் இதை யோசித்துப் பார்க்க வேண்டும்.

அளவு: ஒவ்வொரு பல்லுக்கும் முன்பக்க நடுவில் அரிசி அளவு ஒரு சொட்டு. மேல் வரிசையில் 10 பல்லுக்கு 10 சொட்டு. டிரேயை மாட்டி லேசாக அழுத்தினால் சொட்டு பரவி ஈறுக்கு முன்பாக நிற்க வேண்டும். ஈறில் வழிந்தால் அடுத்த நாள் குறையுங்கள், வழிந்ததைப் பஞ்சால் துடையுங்கள். 10 சதவீதம் என்றால் இரவு முழுவதும், 6 முதல் 8 மணி நேரம். பாதி வீரியம் முதல் 2 மணி நேரத்தில் தீரும், மிச்சம் மெதுவாக வேலை செய்யும். 16 என்றால் பகலில் 2 முதல் 4 மணி நேரம் போதும். சாதாரண மஞ்சளுக்கு 2 வாரம். டெட்ராசைக்ளின் சாம்பலுக்கு மாதக் கணக்கு, 6 மாதமும் ஆகலாம். கோரைப்பல் எப்போதும் பின்தங்கும், அதற்காக மற்ற பல்லை அதிகமாக வெளுக்க வேண்டாம். முதலில் மேல் வரிசை மட்டும் போடுங்கள். கீழ் வரிசையோடு ஒப்பிட்டுப் பார்த்தால் எவ்வளவு அசைந்தது என்று வீட்டிலேயே தெரியும்.

லீவில் வருபவர் முதல் வாரத்திலேயே வந்துவிட வேண்டும். முதல் நாள் ஸ்கேலிங், அளவு. மூன்றாம் நாள் டிரே. அதிலிருந்து 14 இரவு. மீதமுள்ள சிரிஞ்சைத் திரும்பும்போது எடுத்துப் போகலாம். போன இடத்தில் ஃப்ரிட்ஜில் வைத்து, வருடத்துக்கு இரண்டு மூன்று இரவு போட்டால் நிறம் நிற்கும். கிளம்புவதற்கு முந்தின நாள் வந்து கிளினிக்கில் 35 சதவீதம் போட்டுக்கொண்டு விமானம் ஏறாதீர்கள். அந்த இரவு கூச்சம் வந்தால் பார்ப்பதற்கு ஆள் இருக்காது.

பல்லறை_உதவியாளர்:
கூச்சத்துக்கு முன்னேற்பாடு: தொடங்குவதற்கு 2 வாரம் முன்பே பொட்டாசியம் நைட்ரேட் 5 சதவீதம் உள்ள பேஸ்டால் காலை, இரவு துலக்குங்கள். கூச்சம் வந்துவிட்டால் டாக்டர் தரும் பொட்டாசியம் நைட்ரேட், ஃப்ளோரைடு கலந்த ஜெல்லை அதே டிரேயில் 10 முதல் 15 நிமிடம். வெளுப்பு ஜெல்லை ஒரு நாள் விட்டு ஒரு நாளாக மாற்றுங்கள். இரண்டு வாரம் மூன்று வாரமாகும், முடிவு கெடாது.

மூக்கையூர்_வலை:
கடலில் ராத் தங்குபவர்களுக்கு இரவு டிரே எப்படி? படகில் கழுவ நல்ல தண்ணீரும் இருக்காது, ஃப்ரிட்ஜும் இருக்காது.

பல்லறை_உதவியாளர்:
கடலுக்குப் போகும் நாளில் விட்டுவிடுங்கள் அண்ணே. விட்டு விட்டுப் போட்டாலும் சேரும், நாள் கணக்கு நீளும், அவ்வளவுதான். விசைப்படகுக்காரர்களுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம் தோதானது. வெயில் காலம் என்பதால் ஜெல்லை மட்டும் குளிரில் வையுங்கள், ஃப்ரீசரில் வேண்டாம். ஐஸ் பெட்டியில் மீனோடு போட்டு வைக்கவும் கூடாது, தண்ணீர் இறங்கும்.

மண்டபம்_பல்மருத்துவர்:
அண்ணன் கேட்டதோடு சேர்த்து வெற்றிலை, பாக்கு, புகையிலை போடுபவர்களுக்கு ஒன்று சொல்லியே ஆக வேண்டும். வெளுப்பைப் பற்றிப் பேசும் முன் வாயைத் திறந்து தன் மூன்று விரலைச் செங்குத்தாக உள்ளே விட்டுப் பாருங்கள். மூன்று விரல் போகாவிட்டால், காரம் பட்டால் எரிந்தால், கன்னத்தின் உள்பக்கம் துடைத்தாலும் போகாத வெள்ளைப் படலம் இருந்தால், முதலில் அதைக் காட்டுங்கள். பாக்கால் கன்னத் தசை இறுகும் நோயாகவோ புற்றுநோய்க்கு முந்தின நிலையாகவோ இருக்கலாம். பல்லின் நிறம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். மாவட்டத்திலேயே அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. தொண்டிப் பக்கத்துக்காரர்களுக்குப் புதுக்கோட்டையில் 2023-ல் தொடங்கிய அரசு பல் மருத்துவக் கல்லூரியும் எட்டும் தூரம்தான்.

வாய் நன்றாக இருந்தால், வெற்றிலைக் கறைக்கு ஸ்கேலிங்கும், சோடா உப்புத் தூளைக் காற்றோடு பீய்ச்சும் பாலிஷும் போதும். குளோர்ஹெக்சிடின் வாய் கொப்பளிக்கும் மருந்தை மாதக்கணக்கில் விடுபவர்களுக்கு வரும் பழுப்பும் இதே வகை. ஈறு இறங்கி வேர் வெளியே தெரிபவர்களுக்கு அந்த வேர்ப் பகுதி வெளுக்காது, அங்கே எனாமல் கிடையாது. கர்ப்பிணி, பால் கொடுப்பவர், 18 வயதுக்குக் கீழே உள்ளவர்: இவர்களுக்குத் தள்ளிப்போடுங்கள்.

தொண்டி_அலை:
நன்றி டாக்டர், எல்லாருக்கும் நன்றி. தங்கச்சி 6 வயது வரை பரமக்குடிக்கு மேற்கே பாட்டி வீட்டில் வளர்ந்தது. போர் தண்ணீர்தான். திட்டு இரண்டு பல்லிலும் ஜோடியாக இருக்கிறது. வெளுத்தால் திட்டு இன்னும் எடுப்பாகத் தெரியுமா? வீட்டில் எலுமிச்சையும் உப்பும் தேய்க்கச் சொல்கிறார்கள்.

மண்டபம்_பல்மருத்துவர்:
எலுமிச்சை வேண்டவே வேண்டாம். எனாமல் 5.5 பி.எச்.-க்குக் கீழே கரையத் தொடங்கும், எலுமிச்சைச் சாறு 2-லிருந்து 2.5 பக்கம். கரைந்து மென்மையான மேல்தோலை உப்பும் பிரஷ்ஷும் உராய்ந்து எடுக்கும். முதல் வாரம் பளிச்சென்று தெரியும், பிறகு உள்ளே இருக்கும் மஞ்சள் டென்டின் எட்டிப் பார்க்கும். போன எனாமல் வளராது. கரித்தூளும் செங்கல் தூளும் இதே கதை. அழகு நிலையங்களில் பெராக்சைடு இல்லாதது என்று சொல்லிப் போடும் குளோரின் டையாக்சைடு கலவைகளும் அமிலமாக இருந்து எனாமலைச் சொரசொரப்பாக்கும்.

திட்டைப் பற்றி: ஆமாம், முதல் சில நாள் திட்டு இன்னும் வெள்ளையாகத் துருத்தித் தெரியும். பயந்து நிறுத்திவிடக் கூடாது. சுற்றியிருக்கும் மஞ்சள் வெளுக்க வெளுக்க வித்தியாசம் குறையும். லேசான ஃப்ளோரைடு திட்டு பலருக்கு இதோடு போதுமான அளவு அடங்கிவிடும். அடங்காவிட்டால் இரண்டு வழி.

முதல் வழி, மைக்ரோஅப்ரேஷன். 6.6 சதவீத ஹைட்ரோகுளோரிக் அமிலமும் சிலிகான் கார்பைடு பொடியும் கலந்த பசையை ரப்பர் கப்பில் எடுத்து, மெதுவான வேகத்தில் பல்லில் தேய்த்து, அடிக்கடி கழுவி, ஈரமாக்கிப் பார்த்துப் பார்த்து நிறுத்துவார்கள். பல்லைச் சுற்றி ஈறை மறைக்கும் ரப்பர் ஷீட் கட்டாமல் இதைச் செய்யக் கூடாது. பத்தில் ஒரு மில்லிமீட்டர் அளவு எனாமல் போகும். பழுப்புத் திட்டுக்கு இது அற்புதமாக வேலை செய்யும், ஆழமான வெள்ளைக்குப் போதாது.

இரண்டாவது, ஐகான் என்ற ரெசின் ஊட்டும் முறை. 15 சதவீத ஹைட்ரோகுளோரிக் அமிலம் 2 நிமிடம், கழுவிக் காயவைத்து எத்தனால் 30 நொடி. எத்தனால் விட்டதும் திட்டு மங்கினால் ரெசின் எடுக்கும் என்று அர்த்தம், மங்காவிட்டால் அமிலத்தை இன்னொரு முறை. இந்த ஒரு நொடியை டாக்டர் கவனித்துப் பார்க்க வேண்டும். பிறகு நீர் போன்ற ரெசினை 3 நிமிடம் ஊறவிட்டு, 40 நொடி விளக்கு, மறுபடி 1 நிமிடம் ஊறவிட்டு விளக்கு. நுண்துளைகளில் காற்றும் தண்ணீரும் இருந்த இடத்தை ரெசின் பிடித்துக்கொண்டதும் வெளிச்சம் சிதறாது, திட்டு மறையும். ஈரமான மணலும் உலர்ந்த மணலும் நிறத்தில் வேறுபடுகிற மாதிரிதான். இதை வெளுப்புக்குப் பிறகு செய்ய வேண்டும், அதுவும் 2 வாரம் கழித்து. பல்லில் தேங்கிய ஆக்சிஜன் ரெசினை இறுக விடாது.

பாம்பன்_பாலம்:
சாம்பல் பல்லுக்கு டிரே ஜெல் போதாதா டாக்டர்? கேப் போட்டுவிடலாம் என்கிறார்களே.

மண்டபம்_பல்மருத்துவர்:
கேப் என்றால் நல்ல பல்லைச் சுற்றி அரைக்க வேண்டும். 24 வயதில் அது கடைசி வழி. உள்ளிருந்து வெளுக்கலாம். எக்ஸ்ரேயில் வேர் நிரப்பு சரியாக இருந்தால், பல்லின் பின்பக்கத் துளையைத் திறந்து, வேர் நிரப்பை ஈறு மட்டத்துக்குக் கீழே 2, 3 மில்லிமீட்டர் வரை எடுத்து, அதன் மேல் கண்ணாடி அயனோமர் சிமென்ட் 2 மில்லிமீட்டர் தடிப்பில் அடைக்க வேண்டும். இந்த அடைப்புத்தான் உயிர். இதை விட்டால் மருந்து வேர் வழியாக வெளியே கசிந்து, வருடங்கள் கழித்து ஈறோரத்தில் வேர் அரித்துப்போகும். பிறகு சோடியம் பெர்போரேட் பொடியைக் காய்ச்சி வடித்த தண்ணீரில் ஈரமணல் பதத்துக்குக் குழைத்து உள்ளே வைத்து, தற்காலிக அடைப்பு. வாரத்துக்கு ஒருமுறை மாற்றி, 2 முதல் 4 முறை. 30 சதவீதப் பெராக்சைடு விட்டு உள்ளே சூடு காட்டும் பழைய முறையைச் சொன்னால் மறுத்துவிடுங்கள். வேர் அரிப்பு அதில்தான் அதிகம். போதும் என்ற நிறம் வந்ததும் கால்சியம் ஹைட்ராக்சைடு ஒன்றிரண்டு வாரம், அதன்பின் நிரந்தர ஃபில்லிங்.

தொண்டி_அலை தம்பிக்கு 7 வாரக் கணக்கு:

முதல் வாரம்: பரிசோதனை, எக்ஸ்ரே, ஸ்கேலிங், அளவு. கூச்ச பேஸ்டுக்கு முழு 2 வாரம் கிடைக்காது, அதனால் இன்றைக்கே தொடங்கட்டும். சாம்பல் பல்லில் முதல் பெர்போரேட்.

இரண்டு, மூன்றாம் வாரம்: 10 சதவீத டிரே, தினமும் இரவு. வாரம் ஒருமுறை சாம்பல் பல்லுக்கு மருந்து மாற்றம். மற்ற பல் எந்த நிறத்துக்குப் போகிறதோ அந்த நிறத்தோடு இது நிற்கும்படி டாக்டர் பார்த்துக்கொள்ள வேண்டும்.

நான்கு, ஐந்தாம் வாரம்: எதுவும் செய்யாமல் நிறத்தை நிலைக்க விடுவது. சாம்பல் பல்லுக்குள் கால்சியம் ஹைட்ராக்சைடு மட்டும்.

ஆறாம் வாரம்: திட்டு இன்னும் தெரிந்தால் ஐகான். சாம்பல் பல்லுக்கு நிரந்தர அடைப்பு. முன்பல்லில் பழைய ஃபில்லிங் இருந்தால் அதையும் இப்போதுதான் புது நிறத்துக்கு மாற்ற வேண்டும். ஃபில்லிங்கும் கேப்பும் எந்த ஜெல்லுக்கும் வெளுக்காது.

ஏழாம் வாரத்தைக் காலியாக விடுங்கள். ஏதாவது ஒன்று தள்ளிப்போகும்.

கீழக்கரை_கடற்காற்று:
சாப்பாட்டுக்கு என்ன கட்டுப்பாடு?

பல்லறை_உதவியாளர்:
கிளினிக்கில் செய்தால் 48 மணி நேரம், டிரே என்றால் அந்த 2 வாரமும் முடிந்த அளவு. வெள்ளைத் துணியில் சிந்தினால் கறை பிடிப்பதெல்லாம் பல்லிலும் பிடிக்கும் காக்கா. மஞ்சள் போட்ட மீன் குழம்பு முதல் எதிரி, புளியும் சேர்ந்திருப்பதால். டீ, கருப்பட்டிக் காப்பி, பீட்ரூட், உங்கள் ஊர்த் தொதல் அல்வா எல்லாம் தள்ளி வையுங்கள். இட்லி, இடியாப்பம் தேங்காய்ப்பாலோடு, தயிர்சாதம், மஞ்சள் இல்லாமல் மிளகு உப்புப் போட்டு அவித்த மீன், நுங்கு, இவையெல்லாம் சாப்பிடலாம். பீடி, சிகரெட், வெற்றிலை அறவே வேண்டாம். காலையில் டிரேயைக் கழற்றியதும் வாயைக் கொப்பளித்து, மென்மையான பிரஷ்ஷால் ஜெல்லை எடுத்துவிட்டு, ஒரு மணி நேரம் கழித்துச் சாப்பிடுங்கள்.

தொண்டி_அலை:
எழுதிக்கொண்டேன். கிளினிக்கில் போய்க் கேட்க வேண்டியதை ஒரு வரியில் சொல்லுங்கள் டாக்டர்.

மண்டபம்_பல்மருத்துவர்:
டாக்டரின் தமிழ்நாடு பல் மருத்துவக் கவுன்சில் பதிவு எண், ஜெல்லின் பெயரும் சதவீதமும் காலாவதியும், சொன்ன தொகையில் ஸ்கேலிங், டிரே, எத்தனை சிரிஞ்ச், கூச்ச ஜெல் எல்லாம் அடங்குமா என்பது. திட்டுக்கும் சாம்பல் பல்லுக்கும் தனியாக என்ன செய்யப்போகிறார் என்று கேளுங்கள். நீல விளக்கைப் பின்னால் பிடித்துப் பார்த்துவிட்டுப் பதில் சொல்பவரிடம் தங்கச்சியைக் கூட்டிப்போங்கள்.